உமிச் சாம்பலில் ஒட்டும் டி.என்.ஏ

டி.என்.ஏ பிரித்தெடுக்கும் கிட் முடிந்துவிட்டால் ஆய்வே நின்றுவிடும் என்று நம்பும் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் எங்கள் லெப்புக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிட் பெட்டிக்குள் இருக்கும் போத்தல்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம்தான் இருக்கும். இலக்கத்தைப் பார்த்து ஊற்றிப் பழகியவருக்கு அந்தப் போத்தல் இல்லாத நாளில் கை ஓடாது. இந்தப் பதிவை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு சின்ன லெப்பில் இருந்துகொண்டு, இரசாயன அலுமாரியில் ஏற்கெனவே இருப்பதையும் ஊரில் கிடைப்பதையும் வைத்து, பி.சி.ஆர் (டி.என்.ஏயின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) ஓடக்கூடிய டி.என்.ஏயை எடுக்க முடியும். நாங்கள் எடுக்கிறோம். செய்முறையோடு காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். காரணம் தெரிந்தவருக்குத்தான் ஒரு பொருள் இல்லாதபோது அதன் இடத்தில் எதை வைக்கலாம் என்று யோசிக்க வரும்.

2022ஆம் ஆண்டு எங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. இறக்குமதிக்குக் கொடுத்த ஓடர்கள் எல்லாம் கிடப்பில். பிறீசரில் இருக்கும் நொதியங்களைக் காப்பாற்றவே ஓடித் திரிந்தோம். அந்த நேரத்தில்தான், கிட் வருவதற்கு முன் இந்த வேலையை உலகம் எப்படிச் செய்தது என்று பழைய ஆய்வுக்கட்டுரைகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க ஒரு விடயம் தெளிவானது. கிட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் உப்பு, சவுக்காரம், அற்ககோல், சிலிக்கா. அவ்வளவுதான். அளவும் ஒழுங்கும் தூய்மையும்தான் கம்பனி விற்கும் சரக்கு. அவற்றை நாங்களும் கற்றுக்கொள்ளலாம்.

முதன்முதலில் இதைச் செய்தவரிடம் எங்களிடம் இருப்பதில் கால்வாசி வசதியும் இருக்கவில்லை. 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், ஒரு பழைய கோட்டையின் சமையலறையை லெப்பாக மாற்றிய அறையில் இருந்துகொண்டு பிரெடரிக் மீஷர் கலக்கருவிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தார். மூலப்பொருள், ஆஸ்பத்திரியில் கழற்றி எறிந்த கட்டுத்துணிகளில் இருந்த சீழ். சோடியம் சல்பேற்றுக் கரைசலால் கலங்களைக் கழுவி எடுத்தார். புரதத்தைச் செரிக்கப் பன்றி இரைப்பையிலிருந்து பெப்சின் தயாரித்தார். காரத்தில் கரைத்து, அமிலத்தில் படியவைத்தார். அதற்கு நியூக்ளின் என்று பெயர் வைத்தார். இன்று நாங்கள் செய்வதும் அடிப்படையில் அதே வேலைகள்தான்: கலத்தை உடை, புரதத்தை விலக்கு, டி.என்.ஏயைக் கரைசலிலிருந்து வெளியே எடு, கழுவி மறுபடி கரை.

எங்கள் பக்கத்தில் மிகக் கஷ்டமான மாதிரி கண்டல் இலை. பாலமீன்மடுப் பக்கம் வாவியோரத்தில் நிற்கும் கண்டல் மரத்தின் தடித்த இலையை அரைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உரலில் கஞ்சி போல வழுவழுவென்று ஒரு சாறு வரும், கொஞ்ச நேரத்தில் கபில நிறமாகிவிடும். வழுவழுப்பு பல்சக்கரைட்டுகளால். கபிலம் பொலிபீனோல்கள் ஒட்சியேறுவதால். இரண்டுமே டி.என்.ஏயோடு சேர்ந்துவந்து பி.சி.ஆரைக் கெடுக்கும். விலைகூடிய கிட்டுகூட இந்த இலையில் அடைத்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். இதற்கு நான் நம்புவது சி-டாப் முறை. 1980இல் மறேயும் தொம்சனும் வெளியிட்டது, 1987இல் டொயில் தம்பதியினர் சுருக்கியது. சி-டாப் என்பது நேரேற்றம் உள்ள ஒரு சவர்க்காரம். 2 வீத சி-டாப், 1.4 மோலர் சோடியம் குளோரைட்டு, உலோக அயன்களைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ 20 மில்லிமோலர், பி.எச்சை நிலையாக வைக்கும் ட்ரிஸ் 100 மில்லிமோலர், பி.எச் 8. இவை எல்லாமே போத்தலாக வாங்கினால் வருடக்கணக்கில் நிற்கும் பொருட்கள்.

இதில் உப்பின் அளவைக் கவனியுங்கள். உப்பு 0.7 மோலருக்கு மேலே நிற்கும்வரை சி-டாப் டி.என்.ஏயைப் பிடித்துக்கொண்டு படியாது, டி.என்.ஏ கரைசலிலேயே இருக்கும், பல்சக்கரைட்டும் புரதமும் சி-டாப்போடு போய்விடும். உப்பு குறைந்தால் டி.என்.ஏயும் சி-டாப்போடு சேர்ந்து படிந்துவிடும். அதனால்தான் 1.4 மோலர். ஈரமான இலையை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் இலையிலுள்ள தண்ணீரே உப்பை ஐதாக்கும். 100 மில்லிகிராம் இலைக்கு ஒரு மில்லிலீற்றர் கரைசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டலுக்கு நான் 2 வீதம் பி.வி.பி தூளும் சேர்ப்பேன், அது பொலிபீனோலைப் பிடித்துக்கொள்ளும். மேர்காப்தோஎத்தனோல் இருந்தால் கடைசி நேரத்தில் 0.2 வீதம், புகையுறிஞ்சிப் பெட்டிக்குள் மட்டும். குளிர்நாட்டுச் செய்முறைகளில் சி-டாப் அறைவெப்பநிலையில் படிந்துவிடும், சூடாக்கிக் கரையுங்கள் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கவலை எங்களுக்கு இல்லை. மட்டக்களப்பில் அது எந்த மாதமும் கரைந்தே இருக்கும்.

திரவ நைதரசன் இல்லாத லெப்பில் இலையை அரைப்பதற்கு மணல் போதும். கல்லடிக் கடற்கரை மணலை எடுத்து ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரைக்கும். சிப்பித்தூளில் உள்ள கல்சியம் காபனேற்று கரைகிறது என்று அர்த்தம். நுரை அடங்கும்வரை அமிலத்தை மாற்றி, பிறகு தண்ணீரில் பலமுறை அலசி, போறணையில் சுட்டு எடுத்து வைத்தால், உரலில் ஒரு சிட்டிகை போட்டு சி-டாப் கரைசலோடு சேர்த்து அரைக்கலாம். இளம் இலையை எடுங்கள். நெல் என்றால் நாற்றை இரண்டு நாள் இருட்டில் வைத்துவிட்டு எடுத்தால் மாப்பொருள் குறைந்து டி.என்.ஏ தெளிவாக வரும். அரைத்ததை 65 பாகை செல்சியசில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்து, சம அளவு குளோரோபோம்–ஐசோஅமைல் அற்ககோல், 24க்கு 1 கலவை, சேர்த்து மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, சென்றிபியூச்சில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) பத்து நிமிடம். மேல்படையை மட்டும் எடுக்க வேண்டும். இடையில் நிற்கும் வெள்ளைத் தட்டில் பைப்பெட் முனை படக்கூடாது. அதில் உள்ளதெல்லாம் புரதம். பேராசைப்பட்டுக் கடைசித் துளிவரை உறிஞ்சாதீர்கள் என்று மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொல்வது இந்த இடத்தில்தான்.

பிறகு ஐசோபுரோப்பனோல், 0.7 பங்கு. எத்தனோல் வேண்டுமானால் 2 முதல் 2.5 பங்கு, அதற்குமுன் 3 மோலர் சோடியம் அசற்றேற்று பத்திலொரு பங்கு. எங்கள் நாட்டில் தூய எத்தனோல் வாங்குவது மதுவரித் திணைக்களத்தின் அனுமதியோடு சம்பந்தப்பட்ட வேலை. அதனால் படியவைக்க ஐசோபுரோப்பனோலைப் பாவித்து, எத்தனோலைக் கழுவுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். இரவு முழுக்க மறை 20 பாகையில் வைக்க வேண்டும் என்று பல கையேடுகள் சொல்லும். சாதாரண அளவு டி.என்.ஏக்கு அது தேவையில்லை. பனிக்கட்டி வெப்பநிலையில் அரை மணித்தியாலமும், பிறகு சென்றிபியூச்சில் கொஞ்சம் கூடுதலான நேரமும் போதும். மின்வெட்டுக் காலத்தில் மீன் ஏற்றுபவர்களிடம் ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் நொறுக்கிப்போட்டுத்தான் இந்த வேலையைச் செய்தோம். டி.என்.ஏயை மின்னோட்டத்தில் ஓடவிட்டுப் பட்டையாகப் பார்க்கும் ஜெல்லில் குறை ஒன்றும் தெரியவில்லை.

எல்லா மாதிரிக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. இறால் தசையோ மீன் செட்டைத் துண்டோ என்றால் 2000ஆம் ஆண்டில் துருவெட்டும் சகாக்களும் வெளியிட்ட சூட்டுக்கார முறையைத்தான் முதலில் கைகாட்டுவேன். 25 மில்லிமோலர் சோடியம் ஐதரொட்சைட்டும் 0.2 மில்லிமோலர் ஈ.டி.டி.ஏயும் கலந்த கரைசலில் துண்டைப் போட்டு 95 பாகையில் அரை மணித்தியாலம், ஆறியதும் அதே அளவு 40 மில்லிமோலர் ட்ரிஸ் அமிலக் கரைசல். முடிந்தது. அதில் ஒரு மைக்ரோலீற்றரைப் பி.சி.ஆரில் போடலாம். செலவு ஒரு மாதிரிக்குச் சதக்கணக்கில்தான். இது சுத்தமான டி.என்.ஏ அல்ல, நீண்ட நாள் வைத்துப் பாவிக்க முடியாது, நீளமான துண்டுகளைப் பெருக்க முடியாது. ஆனால் நூறு மாதிரியில் எதில் ஒரு மரபணு இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்தறிய மட்டும் என்றால் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

அதைவிடவும் எளிது கடதாசி. 2017இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஜிம்மி பொட்டெல்லாவின் குழு காட்டியது: வட்மன் இலக்கம் 1 வடிதாளை மெல்லிய கீலமாக வெட்டி, பிடிக்கும் பகுதிக்கு மெழுகு ஊட்டி, நுனியை மட்டும் வெறும் கடதாசியாக விட்டு, அரைத்த சாற்றில் தோய்த்து, கழுவுகரைசலில் தோய்த்து, நேரே பி.சி.ஆர் குழாயில் தோய்த்தால் போதும். முழு வேலையும் முப்பது செக்கனுக்குள். செலுலோசு நியூக்கிளிக்கமிலத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. குறுகிய நேரம் கழுவினால் அழுக்குப் போய்விடும், டி.என்.ஏயில் ஒரு பங்கு தங்கிவிடும். மெழுகு ஊட்டுவது கைப்பிடி சாற்றை உறிஞ்சாமல் இருப்பதற்காக. உயர்தர வகுப்பு மாணவர்கள் லெப் பார்க்க வரும்போது நாங்கள் செய்யவைப்பது இதைத்தான். கத்தரிக்கோலும் மெழுகுதிரியும் வடிதாளும் வைத்துத் தாங்களே செய்த கருவியால் எடுத்த டி.என்.ஏ ஜெல்லில் பட்டையாகத் தெரியும்போது அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளின் தரமே மாறிவிடுகிறது.

பப்பாசிப் பழத்தையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் வைத்து வெள்ளை நூல் எடுத்துக்காட்டும் பரிசோதனையைப் பலரும் அறிவார்கள். காட்டுவதற்கு நல்லது. ஆனால் அந்த வெள்ளை முழுவதும் டி.என்.ஏ அல்ல, பெக்ரினும் சேர்ந்தே திரண்டு வருகிறது. அதை எடுத்துப் பி.சி.ஆரில் போடலாம் என்று நினைக்க வேண்டாம். புரதத்தை உடைக்க அன்னாசிச் சாறு ஊற்றும்படி சொல்லும் செய்முறைகளும் உண்டு. தாவர ஆய்வு செய்பவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. சாற்றோடு அன்னாசியின் டி.என்.ஏயும் உங்கள் குழாய்க்குள் வரும்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

கிட் பெட்டியில் வரும் அந்தச் சின்னக் குழாயின் நடுவே இருக்கும் வெள்ளை வட்டம் சிலிக்கா இழை. டி.என்.ஏ அதில் ஒட்டும், அழுக்கு கழுவிப் போகும், கடைசியில் தண்ணீர் விட்டால் டி.என்.ஏ இறங்கும். 1979இல் வோகல்ஸ்டீனும் கில்லெஸ்பியும் சோடியம் அயடைட்டுக் கரைசலில் கண்ணாடித் தூளை வைத்து ஜெல்லிலிருந்து டி.என்.ஏயை மீட்டார்கள். 1990இல் நெதர்லாந்தில் பூமும் சகாக்களும் குவானிடினியம் தயோசயனேற்றையும் சிலிக்காத் துகள்களையும் வைத்து இரத்தச் சீரத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எடுத்தார்கள். இன்றைய குழாய்க் கிட்டுகள் அந்த வழியில் வந்தவை. டி.என்.ஏயும் மறையேற்றம், சிலிக்காவின் மேற்பரப்பும் மறையேற்றம். சாதாரணமாக ஒன்றையொன்று தள்ளும். குவானிடின் உப்பு நிறைய இருக்கும்போது இரண்டையும் சுற்றி நிற்கும் தண்ணீர் விலகிவிடுகிறது, ஏற்றமும் மறைக்கப்படுகிறது, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. உப்பை எடுத்துத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் பிரிந்துவிடுகின்றன.

சிலிக்கா எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு அம்பாறையைவிட நல்ல விடை எந்த மாவட்டத்திடம் இருக்கிறது! நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 வீதம்வரை சிலிக்கா. ஆயிரம் கிலோ நெல் குற்றினால் ஏறக்குறைய நாற்பது கிலோ சாம்பல். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் அடுக்கி வைக்கிறது. கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல்களில் விளைந்தது சம்மாந்துறை மில்களின் பின்பக்கத்தில் சாம்பலாகக் குவிந்து கிடக்கிறது.

நான் போன மில்லின் சொந்தக்காரர் புழுங்கல் அரிசிக்கு உமியை எரித்தே நீராவி எடுப்பவர். "காக்கா, கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் எரிக்காத உமியும் வேணும்" என்றேன். "அள்ளிக்கிட்டுப் போங்க தங்கச்சி, இதக் கேட்டு ஆரும் வந்ததில்ல. செங்கல் சூளைக்காரன்தான் உமி எடுப்பான். என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டார். நெல்லின் மரபணுவைப் பிரித்தெடுக்க நெல்லின் சாம்பல் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கறுப்புச் சாம்பல் வேணாம், வெள்ளையா எரிஞ்சதுதான் உங்களுக்குச் சரி" என்று தானே குவியலின் ஒரு பக்கத்தைக் காட்டினார். அவர் சொன்னது சரி. கறுப்பு என்பது எரியாமல் மிஞ்சிய காபன்.

மில் அடுப்பில் சூடு எவ்வளவு போகும் என்பது யார் கையிலும் இல்லை. ஏறக்குறைய 700 பாகைக்கு மேலே போனால் சிலிக்கா பளிங்குருவாகத் தொடங்கும். பளிங்குருவான தூசி நுரையீரலுக்குக் கெடுதி. ஆகவே முகக்கவசம் இல்லாமல் சாம்பலைக் கிளறக்கூடாது. லெப்பில் உலை இருந்தால் எரிக்காத உமியைக் கழுவி, ஐதரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டுப் பொற்றாசியத்தையும் கல்சியத்தையும் இறக்கிவிட்டு, 600 பாகையில் வெள்ளையாக எரிப்பதுதான் நல்லது. மில் சாம்பலிலும் செய்யலாம், ஏனென்றால் அடுத்த படியில் பளிங்குருவானது பெரும்பாலும் கரையாமல் வடிதாளில் நின்றுவிடும்.

பத்துக் கிராம் சாம்பலுக்கு 60 மில்லிலீற்றர், 1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டு. ஒரு மணித்தியாலம் கிளறிக் கொதிக்கவைத்து வடித்தால் தெளிந்த சோடியம் சிலிக்கேற்றுக் கரைசல் கிடைக்கும். ஆறியபின் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு பி.எச் 7க்குக் கொண்டுவர, கரைசல் முழுவதும் கட்டியாகி ஜெல்லாக நிற்கும். ஒரு இரவு விட்டுவிட்டு உடைத்து, உப்புப் போகும்வரை தண்ணீரில் அலசி, உலர்த்தி, அரைக்க வேண்டும். அரைத்த தூளில் பெரியதும் சிறியதும் கலந்திருக்கும். மிகச் சிறிய துகள் சென்றிபியூச்சில் இறங்காமல் டி.என்.ஏயோடு வந்து பி.சி.ஆருக்குள் புகுந்துவிடும். இதற்குப் பூமின் கட்டுரையிலேயே வழி இருக்கிறது: தூளை உயரமான அளவுச்சாடியில் தண்ணீரோடு கலக்கி 24 மணித்தியாலம் படியவிட்டு மேலே நிற்பதை ஊற்றிவிடுவது, மறுபடி கலக்கி 5 மணித்தியாலம் படியவிட்டு மேலே நிற்பதை ஊற்றிவிடுவது. அடியில் நிற்பதை அமிலம் சேர்த்து பி.எச் 2க்குக் கொண்டுவந்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் வைத்து எடுத்தால் போதும். ஓட்டோகிளேவ் பழுதான இடத்தில் பிரசர் குக்கர் அந்த வேலையைச் செய்யும்.

பாவிக்கும் முறை நேரானது. 6 மோலர் குவானிடின் ஐதரோகுளோரைட்டு அரை மில்லிலீற்றரில் மாதிரிச் சாறு, அதில் நன்றாகக் குலுக்கிய சிலிக்காக் கூழ் 40 மைக்ரோலீற்றர், பத்து நிமிடம் மெதுவாக உருட்டல். ஒரு சுற்றுச் சுற்றி இறக்கி, மேலே உள்ளதை அகற்றி, 70 வீத எத்தனோலால் இரண்டு முறை கழுவி, 56 பாகையில் மூடி திறந்து உலரவிட வேண்டும். எத்தனோல் மணம் முற்றாகப் போகவேண்டும். பிறகு பி.எச் 8 ட்ரிஸ் கரைசல் 100 மைக்ரோலீற்றர், அதே 56 பாகையில் பத்து நிமிடம், சென்றிபியூச், தெளிந்ததை வேறு குழாய்க்கு. அதை இன்னொரு முறை சுற்றிவிட்டு அடியைத் தொடாமல் எடுங்கள்.

குவானிடின் மட்டும் வாங்கித்தான் ஆகவேண்டும். அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மோலர் கரைசல் ஒரு லீற்றருக்கு 573 கிராம். 500 கிராம் போத்தல் ஒன்றில் 870 மில்லிலீற்றர் வரும். மாதிரிக்கு அரை மில்லிலீற்றர் என்றால் 1,700 மாதிரிக்கு மேல். ஐம்பது மாதிரிக்கு ஒரு பெட்டி என்று வாங்கிப் பழகிய எங்களுக்கு அந்த எண்ணிக்கை பெரிய விடுதலை.

எங்கள் உமிச் சிலிக்கா கடைச் சிலிக்காவைவிடக் குறைவாகத்தான் டி.என்.ஏயைப் பிடிக்கிறது. ஜெல்லில் பட்டை மங்கலாக இருக்கும். ஆனால் நெல் நாற்றிலிருந்து எடுத்தது பி.சி.ஆரில் ஓடுகிறது, வரிசைப்படுத்த, அதாவது டி.என்.ஏயின் எழுத்து வரிசையை அறிய, அனுப்பியதும் வாசிக்கக்கூடியதாக வந்தது. கண்டலுக்கு இதை நேரடியாகப் பாவிப்பதில்லை. சி-டாப்பில் எடுத்ததை மேலும் சுத்தமாக்கக் கடைசியில் ஒரு முறை சிலிக்காவில் ஏற்றி இறக்குவேன், நல்ல பலன் கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டியது. குவானிடின் உள்ள கழிவில் குளோரின் ஊற்றக்கூடாது. கொரோனாவுக்குப் பிறகு எல்லா லெப் மேசையிலும் குளோரின் போத்தல் நிற்கிறது, எது சிந்தினாலும் அதை ஊற்றித் துடைப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். குவானிடின் கழிவுக்குத் தனிப் போத்தல், அதன்மேல் கொட்டை எழுத்தில் தமிழிலேயே எழுதி ஒட்டுங்கள். குளோரோபோம் கழிவும் தனியே. தண்ணீர்த்தொட்டியில் ஊற்றினால் எங்கள் நிலத்தில் அது கிணற்றுக்கும் வாவிக்கும்தான் போகும்.

டி.என்.ஏயை ஒட்டவைத்துக் காந்தத்தால் இழுத்தெடுக்கும் காந்த மணிகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2019இல் பொம்ப் என்ற பெயரில் ஒரு குழு முழுச் செய்முறைத் தொகுப்பையும் இலவசமாக வெளியிட்டது. இரும்பின் இரண்டு குளோரைட்டுகளைக் காரத்தில் சேர்த்துப் படியவைத்து மக்னற்றைற்றுத் துகள் செய்து, அதன்மேல் சிலிக்காப் பூச்சுப் பூசுவது. காந்தத்துக்குப் பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் நல்ல நியோடிமியக் காந்தம் கிடைக்கும். அதைப் பலகைத் துண்டில் பதித்துக் குழாய் தாங்கி செய்து வைத்திருக்கிறோம். சென்றிபியூச் இல்லாத இடத்துக்கு இது பெரிய உதவி. மணியை நாங்களே செய்வது இன்னும் ஆரம்பக் கட்டத்தில் நிற்கிறது, ஆகவே அதிகம் எழுத மாட்டேன்.

பாவித்த கிட் குழாய்களை எறியாதீர்கள். 1 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு இரவு முழுக்க ஊறவைத்தால் மிஞ்சிய டி.என்.ஏ சிதைந்துவிடும். நன்றாக அலசி, உலர்த்தி, மாணவர் செய்முறை வகுப்புக்குத் திரும்பப் பாவிக்கலாம். வரிசைப்படுத்தப் போகும் மாதிரிக்கு நான் பாவிக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் வீட்டு முறையில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் பெறுபேறு தங்கியிருக்கும் இடத்தில், நீதிமன்றத்துக்குப் போகும் மாதிரியில், சான்றளிக்கப்பட்ட கிட்டுக்கு மாற்று இல்லை. அங்கே சிக்கனம் பார்ப்பது இன்னொருவரின் உயிரோடும் வாழ்க்கையோடும் விளையாடுவது. தண்ணீரிலும் சிக்கனம் வேண்டாம். வாவியோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். மக்னீசியம் இருந்தால் டி.என்.ஏயை வெட்டும் நொதியங்கள் உற்சாகமாக வேலை செய்யும். கராச்சில் விற்கும் பற்றரித் தண்ணீர் பாத்திரம் அலச நல்லது. டி.என்.ஏயைக் கரைத்து வைக்க லெப்பில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். உப்பளத்துக் கல்லுப்பை வாங்கிப் போடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அதிலும் மக்னீசியம் இருக்கிறது. லெப் உப்பே மலிவு, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கிட் வாங்கும்போது அதைச் சோதித்துப் பார்த்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். நாங்களே செய்யும்போது அந்தச் சோதனை எங்கள் தலையில். ஆகவே எங்கள் லெப்பில் ஒவ்வொரு புதுக் கரைசலும், ஒவ்வொரு புதுச் சிலிக்காப் போத்தலும் பாவனைக்குப் போகுமுன் ஒரே பரிசோதனையைக் கடக்க வேண்டும். ஒரு குழாயில் நன்கு தெரிந்த நெல் நாற்று இலை, இன்னொரு குழாயில் மாதிரியே இல்லாமல் கரைசல்கள் மட்டும். இரண்டையும் தொடக்கம் முதல் பி.சி.ஆர் வரை ஒன்றாகக் கொண்டுபோவோம். வெற்றுக் குழாயில் பட்டை தெரிந்தால் அந்தப் போத்தல் முழுவதும் வெளியே. நெல் குழாயில் பட்டை வராவிட்டால் டி.என்.ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கி மறுபடி போடுவோம். ஐதாக்கியதில் பட்டை வந்தால் டி.என்.ஏ இருக்கிறது, தடுக்கும் பொருள் ஒன்று கூடவே வந்திருக்கிறது என்று அர்த்தம். 260 நனோமீற்றரிலும் 280 நனோமீற்றரிலும் அளந்த ஒளியுறிஞ்சலின் விகிதம் 1.8 அளவில் இருந்தால் புரதம் போய்விட்டது. 260க்கும் 230க்கும் உள்ள விகிதம் சரிந்து கிடந்தால் பெரும்பாலும் குவானிடின் மிச்சம், இன்னொரு முறை எத்தனோலால் கழுவ வேண்டும். திகதி, செய்தவர் பெயர், உமி எந்த மில், எந்தப் போகம் என்று எல்லாம் கொப்பியில் எழுதப்படும்.

பாடசாலை லெப்பில் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் கடதாசிக் கீலத்திலும் சூட்டுக்கார முறையிலும் தொடங்குங்கள். இரண்டிலும் குளோரோபோமும் இல்லை, குவானிடினும் இல்லை. சிலிக்கா செய்யும் ஆர்வம் வந்தால் பெரும்போக அறுவடை முடியும்வரை காத்திருந்து, மில்லில் எரிக்காத புது உமியாகவே கேட்டு வாங்குங்கள். பழைய குவியலில் மண்ணும் சேர்ந்திருக்கும். உலை இல்லாவிட்டால் கழுவி உலர்த்திய உமியை எங்களிடம் கொண்டுவந்தால் எரித்துத் தருகிறோம்.